செல்லமுத்துவின் முழு வருகை

டீயில் சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தால் சொல்லுங்கள் ஐயா, வேறு போடச் சொல்கிறேன். இதை விசாரிக்கவென்று சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. சிறையில் இருந்த மாணவனுக்கு முழு வருகை போட்டது கல்லூரி முதல்வராகிய நான்தான்.

போன வருஷம், எண்பத்தேழு செப்டம்பரில், கல்லூரி அங்கீகாரத்துக்காகத் துறையின் ஆய்வுக்குழு வந்து கள்ளக்குறிச்சியில் தங்கியிருந்தது. எங்கள் நுண்ணோக்கிகள்தான் வரவில்லை. சொந்தமாக எங்களிடம் கிடையாது; ஆய்வு என்றால் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கல்லூரி நண்பர் அனுப்பிவைப்பார். அவருக்கு ஆய்வு என்றால் எங்கள் நூலகப் புத்தகங்கள் போகும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதில்லையா? ஆனால் அது இட ஒதுக்கீட்டுப் போராட்ட வாரம். வழியெல்லாம் மரங்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. நுண்ணோக்கி வேன் மணலூர்பேட்டையில் நின்றுவிட்டது.

அங்கீகாரம் போனால் பிள்ளைகளின் பட்டம் போகும். கல்வராயன் மலையிலிருந்து வந்து கடைசி வருஷம் படித்த செல்லமுத்துவின் பட்டமும் போகும். அவனை நினைத்துத்தான் விடியற்காலையில் ரம்பத்தை எடுத்தேன். கல்லூரிச் சாலையில் ஒரு பூவரச மரத்தைக் குறுக்கே சாய்த்தேன். வேன் சுற்றுவழியில் வந்து சேரும்வரை குழு ஊருக்குள் இருக்கட்டுமே. ஊரெல்லாம் மரம் விழும்போது கூடவே இன்னொன்று விழுந்தால் யார் கேட்பார்கள்?

செல்லமுத்துதான் கெடுத்தான். விடுதியிலிருந்து கொடுவாளோடு ஓடிவந்தான்.

“கெளைய வெட்டி வழி வுட்டுடறேன் சார். ஆபீசருங்க வந்துக்கினு இருப்பாங்க.”

வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போலீஸ் ஜீப் வந்தது.

“இன்னா சார், இவனா வெட்டுனான்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் பொய் சொல்லவில்லை ஐயா. “வெட்டிக்கினுதான் இருந்தான்” என்றேன்.

“சார், நீங்க சொல்லுங்க சார்” என்றான் செல்லமுத்து. ஜீப் திரும்பும்வரை என்னையே பார்த்தான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மத்தியானம் வேன் வந்தது, சாயங்காலம் குழு வந்தது. நுண்ணோக்கிகளை நன்றாகப் பராமரிப்பதையும், மரம் வெட்டியவனைக் காட்டிக்கொடுத்த ஒழுங்கையும் பாராட்டி எழுதி அங்கீகாரம் கொடுத்தார்கள். அவனுடைய அப்பா மலையிலிருந்து இறங்கிவந்து ஜாமீனுக்கு என்னைக் கூப்பிட்டார். முதல்வரே ஜாமீன் நின்றால் கல்லூரிப் பேர் என்ன ஆகும்? பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன்.

ஆனால் அவன் படிப்பு வீணாகக் கூடாதே. அதனால் ஒரு நாள் விடாமல் வருகை போட்டேன். மரத்தைப் பற்றியோ நுண்ணோக்கியைப் பற்றியோ இதுவரை யாரும் கேட்கவில்லை. வருகையைப் பற்றிக் கேட்க நீங்கள் வந்தது துறைக்குப் பெருமைதான்.

என் கடமையில் குறையில்லை ஐயா. பரீட்சைக்கு மட்டும் அவன் வரவில்லை. அவனுக்குப் படிப்பில் அக்கறை போதாது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.