நாகபுரிக்கு நாலு மணி நேரம்

— கைய ஆட்டாதே அக்கா. மருதாணி கலஞ்சிடும்.

— ஆட்டறது நீதாண்டி வசந்தி. சாயங்காலத்துலேர்ந்து பேயறஞ்சாப்ல கீற. நாளைக்குக் கல்யாணம் எனுக்கா, உனுக்கா?

— மெதுவா பேசு. நைனா காதுல வுழப் போவுது.

— அது கொறட்ட விட்டுக்கினு கீது. சொல்லு.

— திட்ட மாட்டியே…

— சொன்னாதானே திட்டறதுக்கு.

— நாகபுரிக்கு… அண்ணனுக்குக் கடுதாசி போட்டுட்டேன்.

— யாரும் எழுதக் கூடாதுன்னு நைனா சொல்லிச்சில்ல? ரெண்டாந்தாரமா குடுக்கறது தெரிஞ்சா அண்ணன் வந்து குதிக்கும்னு.

— அதான் கணக்குப் போட்டு நேத்து காலையில போட்டேன். நீயும் மண்டிக்காரரைக் கட்டிக்க சரின்னுட்ட. ஆனா கூடப் பொறந்த அண்ணனுக்குத் தெரியாம எப்டி? ரயில்ல எழுநூறு மைலு. மாறி மாறிப் போய், தபால்காரன் குடுக்க மூணு நாளு. அது படிக்கும்போது நீ அரக்கோணத்துல அவரு ஊட்ல இருப்ப. சொன்னாப்லயும் ஆச்சு, சண்டையும் இல்ல.

— கெட்டிக்காரிதான். அப்பறம் எதுக்கு அழுவுற?

— தபாலாபீஸ் கோதண்டம் சொன்னாரு. இப்பல்லாம் கடுதாசி ரயில்ல போவறதில்லியாம். ராத்திரி மீனம்பாக்கத்துல ஏரோப்ளேன்ல ஏத்திடறாங்களாம்.

— போடி. உன் கிறுக்கலுக்கு ஏரோப்ளேனா?

— சத்தியமா. நாலு மணி நேரமாம்.

— எது?

— நாகபுரி.

— ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோட மலை ஏறி எறங்கவே…

— ஆங். அவ்ளோ நேரம்தான்.

— எழுநூறு மைலா?

— அதுவும் இல்லியாம். எழுநூறு நான் ரயில்வே கைடப் பாத்துப் போட்ட கணக்கு. மேல வளைவு இல்ல, ஸ்டேஷன் இல்ல, கோடு கிழிச்சாப்ல நேரா போவுதாம். ஐந்நூத்தி அறுவது மைலுதான்னாரு.

— பாக்கி நூத்தி நாப்பது மைலு எங்க போச்சு?

— அது தரையிலதான் கீதாம். வானத்துல கெடயாதாம்.

— முருகா…

— நெனச்சுப் பாரு. நேத்து ராத்திரி நான் இதே பாயில படுத்துனு இருந்தேன். என் கையெழுத்து நட்சத்திரத்துக்குப் பக்கத்துல போய்க்கினு இருந்திருக்கு. கிருஷ்ணா, கோதாவரி எல்லாம் இருட்டுலயே தாண்டி…

— அப்ப அண்ணன் கைக்கு…

— இன்னிக்குக் காலையிலயே போயிருக்கும். அண்ணன் மூட்ட ஏத்தற ஏரோப்ளேனே அதுதானாம். ராத்திரி ஒரு மணிக்கு அங்கேர்ந்து ஒண்ணு மெட்ராஸுக்குக் கெளம்புதாம். மூட்டையோட மூட்டையா ஏறிடுச்சின்னா…

— ஒண்ணும் நாலும் அஞ்சு.

— அஞ்சு மணிக்கு மீனம்பாக்கம்.

— அங்கேர்ந்து ரயிலு?

— எட்டரைக்கு இங்க வரும். முகூர்த்தம் ஒம்போதரை. அண்ணன் வந்தா கல்யாணத்த நிறுத்திடும். நைனா என் தோல உரிச்சிடும்… நீ எங்க எழுந்துக்கற?

— மணி என்ன பாரு.

— பன்னண்டே முக்கா. அங்க ஏரோப்ளேன் கெளம்ப இன்னும் கால் மணி. உன் கல்யாணத்தையே கெடுத்துட்டேனேன்னு நான் சாவறேன், நீ சிரிக்கற.

— நீ எழுதி மடிச்சு வச்சிட்டுத் தூங்கினியே, ஒட்டறதுக்கு முன்னாடி… அடியில நானும் எழுதினேண்டி. ‘மண்டிக்காரருக்கு வயசு நாப்பத்தேழு. வாண்ணா’ன்னு. போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு தெரிஞ்சுதான் எழுதினேன்… எழுதினா மனசு கொஞ்சம் ஆறும்னு.