நண்டு டாக்டருக்குப் பூ வேண்டாம்

தலைமையேற்றிருக்கும் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் கரையோர மன்றத்துத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியார் அவர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் இல்லை. டாக்டரின் பல் மருத்துவமனைக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவன். அவர் மாடியில் பல்லைப் பிடுங்குவார்; வலி மாத்திரைக்கு என்னிடம் அனுப்புவார். இப்போது அந்தப் படியில் யாரும் இறங்கி வருவதில்லை. கடையைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்க்கிறேன். பூட்டுத்தான் தொங்குகிறது.

போய்விட்டாரே! கோடை பிறந்ததும் பிறக்காததுமாக, கரையில் அடம்புக்கொடி பூத்துக் கிடக்கும்போது, உப்புக்கொத்திப் பறவைகள் மணலில் முட்டையிட்டிருக்கும்போது, மன்றத் தலைவர் மட்டும் போய்விட்டாரே!

பல் டாக்டரை நாம் ஏன் நண்டு டாக்டர் என்றோம்? அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் ஊசியை வைத்துக்கொண்டு, நண்டு வளை தோண்டும் கதையை ஆரம்பிப்பார். வாயில் பஞ்சு இருக்கும்போது யாரால் போதும் என்று சொல்ல முடியும்? கடைசியில், "ஞாயித்துக்கிழமை கரைக்கு வர்றீங்கதானே?" என்பார். வலியில் "ஆ" என்று கத்தினால் அதுவே சம்மதம்! நம் மன்றத்தில் பாதிப்பேர் இப்படிச் சேர்ந்தவர்கள்தான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் பிடிக்கும்.

ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போனார்களா? வெயில் ஏறும்வரை அவர் பின்னால் நடந்தோம். தாழம்புதருக்குள் ஓணான் இருந்தால் வாயில் விரல் வைத்து நம்மை நிறுத்துவார். கரை ஒதுங்கிய பாசியைப் புரட்டிக் காட்டுவார். கரையை வாரும் டிராக்டர் ஓட்டுநர் இதோ பின்வரிசையில் இருக்கிறார். ஒருநாள் அந்த டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாரே டாக்டர்!

"குப்பைய அள்ளச் சொன்னாங்க சார், அள்றேன். நகருங்க."

"பாட்டில அள்ளுப்பா, பையை அள்ளு. பாசியை விட்டுடு. அது பறவைங்களோட சமையல்கட்டு."

அன்று ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அதன் பிறகு பாசியைத் தொடவே இல்லை. அவரும் இன்று அழுதுகொண்டிருக்கிறார்.

இனி நான் சொல்லப்போவது கசப்பு. முதல்வர் அம்மா என்னை முறைக்கிறார். ஆனாலும் சொல்லாமல் உட்கார மாட்டேன்.

டாக்டரின் இறுதிப் பயணத்தன்று நாம் என்ன செய்தோம்? அவருக்குப் பிடித்த பூ என்று அடம்பை அள்ளிக்கொண்டு வந்தோம். கடைப்பூ எதற்கு, நம் கரைப்பூ போதாதா என்று கேட்டோம். ஆளாளுக்கு மணல்மேட்டுக்கு ஓடிக் கொடியோடு இழுத்தோம். அவர் உடம்பே தெரியாத அளவுக்கு மூடினோம். அன்பு இல்லையா? அன்புதான்! அழுதுகொண்டேதான் பறித்தோம். ஆனால் அந்த மணல்மேடு இன்று மொட்டையாகக் கிடக்கிறது, ஐயா!

கொடி ஓரத்து நிழலை நம்பி முட்டையிட்ட பறவைகள் என்ன செய்யும்? நேற்றுச் சாலையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தேன். கொதிக்கும் மணலில், முட்டைமேல் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து நிற்கிறது தாய்ப்பறவை. யாராவது நெருங்கினால் எழுந்து ஓடும். அந்தச் சற்று நேரத்தில் முட்டை வெந்துபோகும், இல்லையென்றால் காக்கை கொண்டுபோகும். சில கூடுகளில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை.

இந்தக் கூட்டம் முடிந்ததும் அதே மேட்டுக்கு ஊர்வலமாகப் போய்ப் பூத்தூவி, அவர் பெயரில் ஒரு பெஞ்சு போடுவதாக அறிவித்திருக்கிறோம். வேண்டாம்! கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம்!

காலையில் டாக்டரின் துணைவியார் என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, ஊர்வலம் கலைஞ்சதும் நான் மட்டும் அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும். சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் உக்கார்ற இடம்."

மேடு மொட்டையானதையும் பறவைகள் படும் பாட்டையும் சொன்னேன்.

"அவரு இருந்திருந்தா நம்ம எல்லாரையும் ஒரு பிடி பிடிச்சிருப்பாரு," என்றார். பிறகு, "நான் போகலைண்ணே. குஞ்சு பொரியட்டும்," என்றார்.

கணவரோடு உட்கார்ந்திருந்த இடத்துக்குக்கூடப் போகமாட்டேன் என்கிறார் இந்த அம்மா! இதற்கு மேல் நமக்கு யார் வந்து சொல்ல வேண்டும்?

ஆகவே உறுதி எடுப்போம். ஞாயிறு நடை நிற்காது. ஆனால் பாறைப் பக்கமாகப் போகும். வெயிலானாலும் முறைபோட்டுச் சாலையில் நின்று, மேட்டுக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவோம். முதல் ஆளாக நான் நிற்கிறேன். மீதி முட்டைகள் பொரியுமா? தெரியாது. வேரோடு போன கொடி திரும்ப வருமா? அதுவும் தெரியாது. பொரிந்து குஞ்சுகள் ஓடிய பிறகு, இந்த அம்மாவைத்தான் முதலில் அங்கே அழைத்துப் போவோம்.

டாக்டர்! எங்கள் நண்டு டாக்டரே! இந்தக் கோடையில் உங்களைத் தேடி நாங்கள் அந்தப் பக்கம் வரமாட்டோம். பெருமக்களே, பூவோடு வந்தவர்கள் அதை இந்த மேசையிலேயே வைத்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போங்கள்.