சிவப்புப் பெயிண்டு வச்ச கியர்

— வண்டி எங்க, காணோம்?

— முதல்ல சோத்துத் தூக்கை இறக்கி வையேன் தௌலத்து. சங்கரபாண்டி இப்பத்தான் எடுத்துட்டுப் போறாரு. எட்டயபுரம் ரோட்டுல இன்னும் புழுதி அடங்கல பாரு.

— கியரு மாட்டியாச்சா?

— மாட்டாம எப்படிட்டி வண்டி ஓடும்?

— எதை மாட்டுனீங்கன்னு கேக்குதேன்.

— உனக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?

— எதுக்கா? போன நோன்புப் பெருநாளன்னைக்கு நம்ம அமீனாவ அடிச்சுப் போட்ட வண்டிங்க அது. அதையே நம்ம கடைக்கு ரிப்பேருக்குக் கொண்டாந்திருக்காரே, அல்லாவே!

— வேற எங்க போவான்? சண்டைக் காலத்து மிலிட்டரி மோட்டார் சைக்கிள். கோவில்பட்டியில அதோட வயித்தக் கிழிச்சுத் தைக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

— வியாழக்கிழமை மேசையில ரெண்டு கியர் கெடந்துச்சே.

— ஒண்ணு அசல், ஒடைச்ச வண்டியில உருவுனது. இன்னொண்ணு மதுரையில வாங்குன டூப்ளிகேட். பல்லு, கனம், மினுக்கம் எல்லாம் ஒண்ணுபோல. உள்ள இரும்புக்குப் பதம் ஏறல, அம்புட்டுதான். எனக்கே கை தடுமாறும். அதான் டூப்ளிகேட்டுல சிவப்புப் பெயிண்டு தொட்டு வச்சேன்.

— அது ஒடைஞ்சா என்ன ஆகும்னும் சொன்னீங்க.

— வேகத்துல ஒரு பல்லு தெறிச்சு அடுத்த பல்லுக்குள்ள சிக்கும். பின் சக்கரம் அப்படியே நின்னுரும். கிளச்சைப் பிடிச்சாலும் விடாது. ஆளு எட்டயபுரம் போய்ச் சேர மாட்டான். ரோட்டுலதான் கெடப்பான்.

— நம்ம புள்ள கெடந்த மாதிரி.

— ஆமாட்டி. அப்படியே கெடக்கணும்னுதான் நெனச்சேன். உங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு?

— எனக்குத் தெரியும். பெயிண்டு தொட்டப்பவே உங்க மூஞ்சி சொல்லிட்டு.

— தெரிஞ்சுமா இப்படிச் சும்மா நிக்குத? ஒரு வார்த்தை தடுக்கலயே!

— சொன்னா கேக்கவா போறீங்க? சாப்பிடுங்க, கருவாட்டுக் கொழம்பு ஆறுது.

— கேளு. காலையில வந்தவரு கடைக்குள்ள ஏறல. வெயில்லயே நின்னாரு. அசலைப் போடவா, டூப்ளிகேட்டைப் போடவான்னேன். ‘உங்க கையில எது வருதோ அதைப் போடுங்க பாய், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்’னாரு. தெரிஞ்சேதான் வந்திருக்காரு தௌலத்து. ராத்திரி உறக்கம் இல்லாத கண்ணு, என் கண்ணு மாதிரியே.

— பெறவு?

— மனசு விட்டுப்போச்சு. அவரக் கொன்னா எம்புள்ள எந்திரிச்சா வரப் போகுது? சிவப்பைத் தள்ளி வச்சுட்டு மத்ததை மாட்டி அனுப்பிட்டேன்.

— மத்ததையா?

— நல்லதைத்தாம்ட்டி. இந்தா, சிவப்பு இங்கனதான் கெடக்கு. ஏன் வாசலைப் பாத்து ஓடுத?

— சைக்கிளை எடுங்க! ஓடுங்க! அவர நிறுத்துங்க!

— ஏன்? என்னாச்சுட்டி?

— உங்க கையில கொலப் பழி ஏறக் கூடாதுன்னு, நேத்து நீங்க ஜும்மாவுக்குப் போனப்போ மண்ணெண்ணெய் தொட்டு அந்தச் சிவப்பை அழிச்சு, நல்ல கியருல வச்சது நான்தாங்க.