பரண் மேல் ஒரு கையெழுத்து

"ஹலோ... ஆமா, ஆமா, ஹவில்தார் கண்ணாயிரந்தான் பேசறேன்... யாரு, ஃபாரஸ்ட் ஆபீஸ் மஞ்சுளாம்மாவா? சொல்லுங்கம்மா... துரைக்கண்ணு சாரா? இங்கதான் கீறாரு. பத்திரமா கீறாரு... போன் எப்டி எடுப்பாரு? போன் கீழ கீது, அவரு மேல கீறாரு..."

கண்ணாயிரம் தன் கடலைக் கொல்லையின் காவல் பரணில் மூங்கிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழற்றி வைத்த செயற்கைக் கால் பக்கத்தில் கிடந்தது. எதிர் மூலையில், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வனத்துறை அதிகாரி துரைக்கண்ணு சார். கீழே, பொழுது சாயும் வெளிச்சத்தில், ஏழு காட்டுப்பன்றிகள் மல்லாட்டைச் செடிகளைக் கிளறிக் கடலையைத் தின்றுகொண்டிருந்தன.

"அதான்மா, பன்னி சுட நான் பர்மிட்டு கேட்டேன் இல்ல... ஆமா, அந்த மனுதான். 'ஒரு கால் இல்லாதவர் பரண் ஏற இயலாது'ன்னு சார் எழுதிட்டாரு. நேர்ல பாருங்கன்னு இட்டாந்தேன். கயித்தப் புடிச்சி ஏறிக் காட்டினேன். நாப்பது செகண்டு, அவரேதான் டைம் பாத்தாரு... அப்பால அவரும் ஏணியில ஏறினாரு. கடசிப் படியில ஒரு ஒத வுட்டாரு. ஏணி, போன், ஒரு செருப்பு, எல்லாம் கீழ போச்சு... இல்லம்மா, அடியெல்லாம் இல்ல. வேர்வதான்."

"ஜீப் வர ஒரு மணி நேரமாவுமா? வரட்டும்... நானா? கயித்துல எறங்கி ஏணி எடுத்து வெக்கறதா? எப்டிம்மா? என்னால முடியாதுன்னு கவர்மெண்டு பேப்பர்லயே கீது. அத மீறலாமா?"

துரைக்கண்ணு சார் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணாயிரம் பார்க்காதது போல வானத்தைப் பார்த்தார்.

"துப்பாக்கியா? வூட்ல பூட்டிக்கீது. பர்மிட்டு இல்லாம தொட மாட்டேன்... டின்னு கீது, தட்டினா பன்னிங்க ஓடிடும். தட்டல, சாரும் பாக்கட்டும்... சிரிக்காதீங்கம்மா. என் மல்லாட்டதான் போவுது, எனக்குத் தெரியாதா? இன்னும் பத்து நாள்ல புடுங்கணும். மூணு வருசமா எனக்கு முன்ன பன்னிங்கதான் அறுவட பண்ணுது. காலு போனப்போ கூட நான் அழுவல. போன வருசம் இந்தக் கொல்லையப் பாத்து அழுதேன்..."

ஒரு சால் செடி முழுக்கப் போய்விட்டது. ஆனாலும் டின் பக்கம் கை போகவில்லை.

"இருங்க, இருங்க... சார் பேனா எடுத்துட்டாரு. எழுதறாரு... படிக்கறேன் கேளுங்க. 'நேரில் ஆய்வு செய்தேன். மனுதாரர் தகுதியானவர்.' நல்லாக்கீது. ஆனா சார், எனக்கு மட்டுந்தானா? கண்ணமங்கலத்துல சக்திவேலு கீறான், பட்டாளத்துல குண்டு பட்டு ஒரு கண்ணு போனவன். அவன் மனுவையும் தள்ளிட்டீங்க. குறி பாக்கறதுக்கு எப்டியும் ஒரு கண்ண மூடணும். அவனுக்கு அந்த வேலயே மிச்சம்... ஆமாம்மா, சாரு கிட்டதான் பேசறேன், நீங்களும் கேளுங்க... 'ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர் அனைவருக்கும்', அனைவருக்கும்னு போடுங்க சார். 'பரிந்துரைக்கிறேன்.' கையெழுத்து. தேதி... தேதி வுட்டுட்டீங்க."

எழுதி முடிந்ததும் கண்ணாயிரம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டின்னை எடுத்துத் தட்டினார். பன்றிகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடின. கயிற்றில் சர்ரென்று இறங்கி, விழுந்து கிடந்த ஏணியை நிமிர்த்திப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார்.

"லைன்ல கீறீங்களா?... கீழ வந்துட்டேன். சார், மொதல்ல ஃபைலு போடுங்க. அப்பாலதான் ஏணி... ஆ, புடிச்சிட்டேன். வாங்க சார்... மஞ்சுளாம்மா, ஆபீஸ் சீலு எடுத்து வெளிய வைங்க. இதோ வந்துடுவாரு... இல்ல, இன்னும் எறங்கல. மொதப் படியிலயே நிக்கறாரு, ரெண்டு காலும் நடுங்குது... வுழ மாட்டாரும்மா, நான் தாங்கிப் புடிச்சி எறக்கறேன். ஒரு சந்தேகம். அதுக்கும் நான் மனு குடுக்கணுமா?... சரி, சரி, வெச்சிடறேன்."