உலு குடும்பம்

என் பேருல முதல் துண்டை வெட்டித் தூர எறிஞ்சவன் எவன்? அவனை வரச் சொல்லும்மா. நீ எடிட்டரா இருந்துட்டுப் போ, உன்மேல கோவமில்ல. செஞ்சது யாருன்னு உங்க நியூஸ் சைட்டுல தேடினா, தரவுக் குழுவாம். ஊர்ல உள்ளவன் பேரையெல்லாம் சந்திக்கு இழுத்துட்டு, தன் பேரை மட்டும் போடல பாரு!

டீ வேணாம். சரி, ஊத்து. ஜாம் இருக்கா? வை.

நான் யாரா? ஆக்-சுவாத் பஜார்ல பூட்டு விக்கிறவன். கன்டெய்னர் கடை, நம்பர் 147. ஒண்ணே ஒண்ணு, அதுவும் மழை பேஞ்சா ஒழுகும். ஆனா உங்க கணக்குல எனக்கு இருநூத்துப் பதினாலு கடை! பஜார் யார் கையிலன்னு கேட்டு, பெருசா சிவப்பு வட்டம் போட்டு, உலு குடும்பம்னு எழுதினீங்களே. அடப் பாவிகளா, உலுன்னா மகன்! இன்னாரோட மகன். பிஷ்கேக்ல பொறந்த கிர்கிஸ் பொண்ணு உனக்கு நான் சொல்லித் தரணுமா? அப்பன் பேரு, உலு, தன் பேருன்னு எழுதுற அத்தனை பேரையும் ஒரே வீட்டுல அடைச்சிட்டீங்க. ரெண்டாவது இடம் யாருக்கு? கிஸி குடும்பம்! பக்கத்துக் கடை ஜிப்பார் அக்கா, சாக்ஸ் விக்கிறவங்க, இன்னார் கிஸி, அதாவது இன்னார் மகள்னு எழுதிக் குடுத்தாங்க. அவங்களும் பெரிய முதலாளி. இதுல உலுவும் கிஸியும் ரகசியமா சம்பந்தம் பண்ணிக்கிட்டாங்களான்னு கடைசியில கேள்வி வேற!

சிரி, சிரி. மல்யுத்தக்காரனுங்க வந்து, போட்டிக்குப் பரிசா ஒரு குதிரை குடுங்க உலு ஐயான்னு வாசல்ல நின்னப்போ எனக்குச் சிரிப்பு வரல. நெஜமாவே பாதி பஜாரை வளைச்சுப் போட்டிருக்கானே ஒருத்தன், பன்னெண்டு மச்சான் பேர்ல? அவன் உங்க பட்டியல்ல நாலாவது! எனக்கு ஒரு முலாம்பழம் அனுப்பினான். பெரியவருக்குச் சின்னவன் அன்போடன்னு சீட்டு வெச்சு.

என்னது, நகராட்சி குடுத்த கடைப் பட்டியல அப்படியே போட்டீங்களா? யாரு வேணா பாக்கலாம்னு தொறந்துதானே வெச்சிருக்கு, நான் போய்ப் பாத்தேன். அங்க பெய்ஷென், உலு, சாபிர்னு மூணு துண்டும் ஒழுங்கா இருக்கு. உங்க மிஷின்தான் நடுத் துண்டைக் குடும்பப் பேருன்னு புடிச்சிக்கிட்டு, முன்னால இருந்தத முழுங்கிடுச்சு. ஒரு மனுஷன் கண்ணால ஒரு தடவ பாக்கக் கூடாதா?

திருத்தம் போடுறியா? எங்க? அடியிலயா? எறும்பு படிக்கவா? முதல் பக்கத்துல போடு. ஒரு வாரம் இருக்கணும். சரி, மூணு நாள். ஒரு நாளா? பூட்டை வாங்கிட்டுப் போ, சாவியப் பின்னால பாத்துக்கலாம்னு நான் சொன்னா நீ விடுவியா?

பொறுமையா? என் பேரே பொறுமைதாம்மா. சாபிர். அநாதை விடுதியில வெச்சாங்க, சரியா ஆள் தெரியாம. குடும்பப் பேருக்கு மாயெவ்னு போட்டாங்க, மே மாசம் வந்து சேந்தவனாம்; ருஷ்ய மொழியில மே-ன்னா மாய். நாப்பத்தஞ்சு வருஷம் நான் ஒரு மாசத்துக்கு மகனா இருந்தேன்.

போன வருஷம்தான் பாஸ்போர்ட்டுல மாத்தினேன். அப்பன் பேரு எப்படிக் கெடச்சுதா? விடுதிகளோட பழைய பதிவேட்டையெல்லாம் யாரோ ஒருத்தர் வரி வரியா படிச்சு, எவனும் தேடிக்கலாம்னு இணையத்துல போட்டிருந்தாரு. என் விடுதி, நான் வந்த வருஷம், மே மாசம், ஆண் குழந்தை. ஓரத்துல பென்சில் எழுத்து, தகப்பன் பெய்ஷென். அந்தப் பென்சிலக் கூட விடாம எழுதியிருந்தாரு. கீழ அவரு பேரு இல்ல. தரவுக் குழுன்னு இருந்துச்சு.

ஆமா. இதே சைட்டுதான்.

முதல் பக்கம் வேணாம், விடு. மன்னிப்பும் வேணாம். 147ஆவது வரி, அவ்வளவுதான். அந்தப் பென்சிலப் பாத்த ஆளைக் கூப்பிடு. மிஷின்கிட்ட விடாம, அவரே உக்காந்து, தன் கையால, உலுவுக்கு முன்னாடி பெய்ஷென்னு அடிக்கட்டும். அடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்.