பொக்ரான் வழி வேளாங்கண்ணி

— ஆனி, கவனி. மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. எஞ் சைக்கிள் பைக்குள்ள இம்புட்டுக் கடுதாசி கெடக்கே, யாரு வச்சது?

— என்னங்க, மொதல்ல மாத்திரை போட்டீங்களா?

— போட்டேன், போட்டேன். பேச்ச மாத்தாத. பின்சக்கரத்துல எடதுபக்கம் தொங்குற பை, நன்னாரி பாட்டிலுக்கு அடியில.

— அந்தப் பைய எதுக்கு இப்பக் கொடைஞ்சீங்க? பதினோரு நாளா தொடவே இல்லையே.

— ஸ்வெட்டரு ஏதும் இருக்கான்னு பாத்தேன்.

— ஸ்வெட்டரா? நான் வச்சத வெளிய எடுத்துப் போட்டது யாரு? பாலைவனத்துக்கு எவனாச்சும் ஸ்வெட்டரு தூக்கிட்டுப் போவானாடின்னு சிரிச்சீங்க. அதுக்குப் பதிலா ரெண்டு பாட்டில் நன்னாரி சர்பத்த வச்சீங்க.

— சரி விடு.

— என்ன விடு? தனிஸ்லாஸ் சாருன்னா பள்ளிக்கூடமே நடுங்கும். முப்பத்தோரு வருசம் ஒன்பதாங் கிளாசுக்குப் புவியியல் எடுத்தீங்க. பாலைவனத்துல பகல்ல காயும், ராத்திரி குளிரும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?

— அது பரீட்சைக்குடி.

— நல்லாருக்கு.

— இங்க இப்ப அஞ்சு டிகிரி. ஒம்போது பனியனையும் ஒண்ணுமேல ஒண்ணு மாட்டி, டீக்கடைக் கட்டில்ல உக்காந்திருக்கேன். கடைக்காரன் என்னைய மாவு மூட்டைன்னு நெனச்சு ஓரமா உருட்டப் பாத்தான்.

— மாதாவே! சாப்புட்டீங்களா?

— ரொட்டிதான். கடுதாசிக்கு வா. வாசிக்கிறேன், கவனி. "மாதாவே, எம் மகளுக்குத் தை மாசத்துக்குள்ள நல்ல எடமா அமையணும்." அடுத்தது, "மாதாவே, அலங்காநல்லூர்ல எங்க காளை எவன் கையிலயும் சிக்கக் கூடாது, இப்படிக்கு ஜெயபாண்டி." அதுக்கு அடுத்தது, "மாதாவே, ஜெயபாண்டி காளைய இந்த வருசம் நாந்தான் பிடிக்கணும், இப்படிக்கு அழகுபாண்டி." மாதா யாருக்குடி செய்யிறது?

— அது மாதா பாடு. நமக்கென்ன?

— இந்தா, இது பேரே போடல. "என் மாமியார் ஊருக்குக் கெளம்பணும், சண்டை இல்லாம." பேரு இல்லாட்டியும் பக்கத்து வீட்டு ரூத்து எழுத்து எனக்குத் தெரியும். அவ சி.எஸ்.ஐ.காரியாச்சே, அவங்க மாதாவக் கும்புட மாட்டாங்களே, எதுக்கு எழுதுறா?

— அதான் பேரு போடல.

— ஆனி, இதெல்லாம் வேளாங்கண்ணிக்குப் போற கடுதாசி. நான் பொக்ரான் தாண்டி ராஜஸ்தான்ல உக்காந்திருக்கேன். மூஞ்சிக்கு நேரா ஒட்டகம் நிக்கிது. எங்கிட்ட எதுக்கு இது?

— என்னங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன். பெறகு கூப்புடவா?

— போன வச்சே, நடக்கிறது வேற.

— சரி. கோவப்படாமக் கேளுங்க. நம்ம கோயில் பங்குல எல்லாரும் நீங்க வேளாங்கண்ணிக்குப் போயிருக்கதா நெனச்சுக்கிட்டிருக்காங்க.

— என்னது?

— பின்ன? அறுவது வயசுக் கிறிஸ்தவன் மூட்டை முடிச்ச சைக்கிள்ல கட்டுனா வேற எங்க போவான்? அவங்களாக் கேட்டாங்க, வேளாங்கண்ணிக்கான்னு. நான் இல்லைங்கல.

— ஆமான்னும் சொல்லலைல்ல?

— மொத ஆளுகிட்டச் சொல்லல. ரெண்டாவது ஆளுல இருந்து ஆமான்னுட்டேன்.

— அடிப்பாவி! அதான் சாமியாரு வாசல்ல வந்து சைக்கிளுக்குத் தீர்த்தம் தெளிச்சாரா? டயருக்கெல்லாம் தெளிச்சாரே!

— மறக்காம ஸ்டெப்னி ட்யூபுக்கும் தெளிச்சாரு.

— ஸ்டேசனுக்குப் போற வழியெல்லாம் சனங்க கும்புட்டாங்க. வாத்தியாருக்கு இன்னமும் மரியாதை இருக்குடான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனேனே! அந்தக் காவி டீ சர்ட்டு? அது வேளாங்கண்ணிக்கு நடக்கிறவங்க போடுறதாச்சே! பாலைவனத்துல தூரத்துலயே தெரியும்னு வாங்கிக் குடுத்தியே!

— தெரியத்தான செய்யும்.

— ஜூடுகிட்டயாச்சும் உண்மையச் சொன்னியா? பெத்த மகன்டி.

— அவனுக்கும் வேளாங்கண்ணிதான்.

— அதானா! முந்தாநேத்து போன்ல, கடல் எப்படிப்பா இருக்குங்கிறான். பய கேலி பண்றான்னு நெனச்சு, கண்ணுக்கெட்டுன தூரம் முள்ளுதாண்டான்னேன். கூட்டமான்னான். ஒரு ஈ காக்கா இல்லைன்னேன்.

— அன்னைக்கு ராத்திரியே எனக்குப் போட்டுட்டான், வேளாங்கண்ணியில ஈ காக்கா இல்லையாமேன்னு. பின்னால ஏதோ கத்துச்சாம்.

— ஒட்டகம் கத்துச்சு.

— கோயில்ல ஆர்மோனியம் ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— ஆனியக்கா! சார்தான போன்ல? கடல்ல குளிச்சாரான்னு கேளுங்க!

— ரூத்து வந்துட்டா. கடல்ல குளிச்சீங்களான்னு கேக்குறா.

— பல்லு வெளக்கவே தண்ணியில்ல!

— மூணு தடவ குளிச்சாராம் ரூத்து! அலை கம்மியாம்!

— எங் கடுதாசிய மறக்காமப் போட்டுறச் சொல்லுங்கக்கா, மாமியா இன்னும் கெளம்பல!

— சரி, சரி, சொல்றேன். நீ போயி அந்தப் பால எறக்கு. என்னங்க, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். கவனி, ஆனி. பொய் சொன்ன பயல முப்பத்தோரு வருசம் பெஞ்சு மேல ஏத்துனவன் நான். இப்பவே ஜூடுக்குப் போன் போடுறேன். அப்புறம் சாமியாருக்கு. தனிஸ்லாஸ் போனது பாலைவனத்துக்கு, கோயிலுக்கு இல்லைன்னு சொல்லிர்றேன்.

— ஐயோ, வேணாங்க. சாமியாருக்கு வேணும்னா போடுங்க. ஜூடுக்கு மட்டும் போடாதீங்க.

— ஏன்?

— ஏன்னா... போடாதீங்க. ஜெய்சால்மர் போய்ச் சேந்துட்டுப் போட்டுக்கலாம்.

— எனக்குத் தெரியும்டி ஏன்னு. ஒனக்கு வெக்கம். முப்பது கிலோ மூட்டையக் கட்டிக்கிட்டு கெழட்டுப் பய தனியா மணலப் பாக்கப் போறான்னு ஊரு சிரிக்கும். அதுக்கு மாதாவ இழுத்து மூடிட்ட.

— சரி, வெக்கந்தான். வச்சுக்கங்க.

— கரும்பலகையில படம் போட்டுப் போட்டுக் காமிச்சேன், ஆனி. மணல்மேடு இப்படி இருக்கும், காத்து இந்தப் பக்கம் அடிக்கும்னு. ஒருத்தன் எந்திரிச்சு, நீங்க பாத்திருக்கீங்களா சார்னு கேட்டான். ஒக்காருடான்னேன். இன்னைக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்துது. நீயாச்சும் புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்.

— பாத்துட்டீங்களா மணல்மேட்ட?

— எங்க! வந்ததுல இருந்து கருவேல முள்ளும் ஆட்டுமந்தையுந்தான். அச்சு அசலா நம்ம வாடிப்பட்டிப் பக்கம் மாதிரியே இருக்கு. நாலு பஞ்சரு. எதுத்தாப்புல காத்து வேற, மிதிச்சா பின்னால போகுது. ஜெய்சால்மரு இன்னும் நூறு கிலோமீட்டரு, மணலு அதுக்கும் அங்கிட்டு நாப்பது.

— ரெண்டு மூணு நாளுதான? பாத்துட்டே வாங்க. யாருக்கும் போன் போடாதீங்க.

— வந்து? பங்குல வந்து எந்த மூஞ்சியோட நிப்பேன்?

— ரிட்டன் டிக்கெட்டு ரெண்டு இருக்கும். சென்னையில ஏறுறத எடுத்துப் பாருங்க.

— என்ன அதுக்கு? மதுரைக்கு... ஆனி! நாகப்பட்டினம்னு போட்டிருக்கு!

— தமிழ்வாணி பிரவுசிங் சென்டர்ல நாந்தான் அப்படிப் போடச் சொன்னேன். எறங்குனா பன்னெண்டு கிலோமீட்டரு. மிதிச்சுப் போயி மாதா காலடியில கடுதாசியப் போட்டுட்டு வாங்க. சொன்னது மெய்யாயிரும்.

— எல்லாத்தையும் முன்கூட்டியே... நான் போகமாட்டேன். இந்தக் கடுதாசி அம்புட்டையும் இங்கயே கொளுத்திக் குளிர் காயப் போறேன்.

— சேசுவே! ஜெயபாண்டி காளைய நெனச்சுப் பாருங்க!

— அழகுபாண்டிய யாரு நெனைக்கிறது? இரு, ஒண்ணு மட்டும் பிரிக்காமக் கெடக்கு. பசை போட்டு ஒட்டிருக்கு.

— அது வேணாங்க.

— ஏன்? யாரோடது?

— யாரோடதோ. ஒட்டிருக்குன்னா பிரிக்கக் கூடாதுன்னுதான அர்த்தம்? மாதாகிட்ட அப்படியே குடுத்துருங்க.

— பசையில்ல, சோத்துப் பருக்கை. நம்ம வீட்டுக் காலண்டர் தாளு.

— என்னங்க, பிரிக்காதீங்க. நல்லா இருப்பீங்க, அத வைங்க. ஜூடுக்குன்னாலும் போட்டுக்கங்க, அத மட்டும் பிரிக்காதீங்க.

— பிரிச்சுட்டேன்.

— வாசிக்காதீங்க.

— கவனி. "மாதாவே, நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுசன பாலைவனத்துக்குன்னு சொன்னா எம் மகன் வாசப்படி தாண்ட விடமாட்டான், ஒம் பேரச் சொன்னா யாரும் மறிக்க மாட்டாங்க, அதான் சொன்னேன், அவரு ஆசை தீரப் பாத்துட்டு வரட்டும், பொய்க்குத் தண்டனைன்னா எனக்குக் குடு, அவரு சைக்கிள்ல மட்டும் காத்த எறக்கிராத."