பொடிசுக்கு வேகம் கூட்டிய விதம்

வாரத்தில் ஆறு நாள் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் பூதங்களை மோத விடுகிறேன். இந்த வயதில் வீடியோ கேமா என்று முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும். அது யோசித்து ஆடுகிற ஆட்டம்.

நீங்கள் ஆடியிருக்க மாட்டீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் ஆடுவது ஜோடி ஆட்டம். ஆளுக்கு மூன்று பூதங்களை வளர்த்துக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரும் முடிவெடுத்துப் பொத்தானை அழுத்தினால்தான் ஆட்டம் நகரும். ஒருத்தர் அழுத்தாமல் நேரம் போய்விட்டால், இரண்டு பேருடைய பூதங்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்று அடி வாங்கும்.

என் ஜோடி என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை. சின்ன உருவம் என்பதால் வீட்டில் அவள் பெயர் பொடிசு. சிறு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. காலையில் இரண்டு மாத்திரை, இரவில் இரண்டு. அவளுக்கு மறதி அதிகம். அதனால் நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எடுத்துக் கொடுப்பது நான்தான். உள்ளங்கையை நீட்டுவாள். என்ன வைத்தேன் என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய முதல் ஆள் அவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றோம். இரண்டு முறை நேரம் முடிந்து, எங்கள் பூதங்கள் மரம் மாதிரி நின்று அடி வாங்கின. திரும்பி வரும்போது பொடிசு பின் சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"சாரி அண்ணி. நான்தான் லேட் பண்ணிட்டேன் போல. மாத்திரை போட்டா மண்டை மந்தமாயிடுது."

"விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், "பொடிசு இல்லன்னா நீ முதல் ரவுண்டுலயே மூட்டை கட்டியிருப்ப" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தோற்ற அணியைப் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். என் ஆமைப் பூதம் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், ஆனால் அது ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் எதிரி இரண்டு முறை அடித்துவிடுவான். அதன் தாங்கும் சக்தியில் கொஞ்சம் எடுத்து வேகத்தில் போட்டேன். பொடிசின் பனிநரிப் பூதத்துக்கும் அப்படியே செய்தோம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையத்தான் செய்யும். அதெல்லாம் தெரிந்துதான் செய்கிறோம்.

பிறகு காலை மாத்திரைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரையை வைத்தேன். இரவு மாத்திரைகளைத் தொடவில்லை. அவளுக்கு வலிப்பு வந்து வருஷக்கணக்காகியிருந்தது. இனிமேல் வராது என்று என்னை நானே நம்ப வைப்பது கஷ்டமாக இல்லை.

கொஞ்ச நாளில் அவள் முகமே தெளிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தாளம் போடுவாள். "அண்ணி, தலைக்கு மேல இருந்த பாரத்தை யாரோ இறக்கி வச்ச மாதிரி இருக்கு" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு நல்ல காரியம் செய்ததாகவே அன்றைக்கு நினைத்தேன்.

இந்த வருஷப் போட்டி ஒரு மண்டபத்தின் மாடியில் நடந்தது. அரையிறுதியில் சுலபமாக ஜெயித்தோம். இறுதிக்கு முன்னால் சிறிய இடைவேளை. பொடிசு கண்ணைக் கசக்கினாள்.

"அண்ணி, கண்ணோரத்துல மினுக் மினுக்குங்குது."

வலிப்பு வருவதற்கு முன் அவளுக்கு அப்படித்தான் ஆகும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கீழே படுக்க வைத்து, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

"லைட்டு வெளிச்சமா இருக்கும். கீழ போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்றேன். என் கண் திரையில் இருந்தது. எதிர் ஜோடியின் பூதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பாதிப் படியில் வலிப்பு வந்து, தலையில் அடிபட விழுந்தாள். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். நான் கன்ட்ரோலரை மேஜையில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார். "வாய்ப்பே இல்ல டாக்டர். இவதான் தன் கையால எடுத்துக் குடுக்குறா" என்றார் என் கணவர். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்படியானால் பழைய மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லி, வேறு மருந்து ஆரம்பித்தார். அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்து, அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

இப்போது அவள் வலது கை மூடுவதில்லை. என்னைத் தெரிகிறது, அண்ணி என்ற வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது. வாயைத் திறந்து தேடிவிட்டு, தோற்றுப்போய்ச் சிரிக்கிறாள்.

படிக்கட்டுக் கைப்பிடி ஆடியது என்று மண்டபக் காவலாளி மேல் என் கணவர் புகார் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்கத்தான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். கைப்பிடி ஆடவில்லை. அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் நானே சொல்கிறேன்.

அணி நன்றாக வர வேண்டும் என்றுதான் செய்தேன் என்று எழுதியிருப்பீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். ஆட்டத்தின் பதிவு என்று ஒன்று உண்டு. தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், யார் எப்போது பொத்தானை அழுத்தினார் என்று பெயருக்குப் பக்கத்தில் காட்டும். போன வருஷம் நேரம் முடிந்த அந்த இரண்டு சுற்றிலும் பொடிசு முதலிலேயே அழுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். தயங்கியது நான்.

அதை நான் பார்த்தது தோற்ற அன்றைக்கே. மாத்திரையை மாற்றியது அதற்குப் பிறகு.